பெஞ்சுக்கு முதுகுவலி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், உன் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ அதைத் தாண்டி அடுத்த வரிக்குத்தான் ஓடுவாய், அதனால் அடுத்த வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பெஞ்சு உயிரோடு இருக்கிறான். இந்த நிமிஷம் என் காலடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நாளாக வீடியோ காலில் அவனைக் காட்டச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் தூங்குகிறான், குளிக்கிறான் என்று நாங்கள் மழுப்பியதையும், அப்பா தெருமுனையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே நின்று உன்னிடம் பேசியதையும் சேர்த்துப் பார்த்து நீ என்ன முடிவுக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும். சித்திக்குப் போன் போட்டு, நாய் செத்துப்போய்விட்டதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று அழுதாயாமே. சித்தி என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள். அதையும் போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். போன்தான் இந்தக் கதையில் வில்லன், எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாவித் தாவிப் படிக்காதே.

அப்பாவின் தொழில் உனக்குத் தெரியாததா, ஊரில் உள்ள கிழிந்த சோபாவெல்லாம் நம் முன்னறைக்கு வந்து, ஸ்பிரிங் மாறி, ஃபோம் மாறி, புதுத்துணி போட்டுக்கொண்டு திரும்பிப் போகும். அப்பா கடைசி ஆணியை அடித்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைப்பதற்குள் பெஞ்சு அதில் ஏறி நடுவில் படுத்திருப்பான். அப்பா கத்துவார், அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வான். நீண்ட உடம்பையும் குட்டைக் காலையும் பார்த்து நீ அவனுக்கு அந்தப் பெயரை வைத்த நாளிலிருந்து நடக்கிற சண்டை இது. அப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு நாள் சோபாவில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. சோபாவுக்குக் கீழே பதவிசாகப் படுத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தான். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாகக் கத்தியது வீண் போகவில்லை, கடைசியில் என் பேச்சைக் கேட்கிற ஜீவன் ஒன்று இந்த வீட்டில் உருவாகிவிட்டது என்று என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார். அவன் கீழே படுக்கும்போதெல்லாம் பரிசாக ஒரு பிஸ்கட். சோபா வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவனைக் காட்டிப் பெருமை. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர், செருப்பைப் படுக்கையறை வரைக்கும் போட்டுக்கொண்டு வருகிற தன் வீட்டுக்காரரைத் திருத்த ஏதாவது வழி உண்டா என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, பொறுமைதான் முக்கியம், குரலை உயர்த்தக் கூடாது என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். குரலை உயர்த்தாதவராம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

ஆனால் எனக்கு மனசில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கக் குனிகிறவன் பாதியிலேயே நின்று யோசிப்பான், கிண்ணத்தை நான் தூக்கிப் பிடித்தால் மடமடவென்று குடிப்பான். நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் சுற்றிக்கொண்டு வந்து பார்ப்பான். முதுகைக் கூன் போட்டுக்கொண்டு நிற்பான். குளிரே இல்லாத மத்தியானத்தில் நடுங்குவான். வயசாகிறது போல என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு காலையில் அப்பா எப்போதும்போல முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் கையைக் கொடுத்து, பின்பாதி தொங்கத் தொங்க அவனைத் தூக்கினார். வீல் என்று ஒரு சத்தம் போட்டான் பார், நான் தையல் மெஷினை விட்டு ஓடி வந்தேன். யாரையும் கடித்தறியாதவன் அப்பாவின் சட்டைக் கையைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தால் வயிறு கல்லு மாதிரி இறுகியிருந்தது. பிஸ்கட் ஜாஸ்தியாகி வயிற்றுவலி என்று அப்பாவே வைத்தியராகி முடிவு செய்து, தான் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக்கொண்டு வந்தார். நான் பிடுங்கி ஜன்னல் மேல் வைத்தேன். நல்லவேளை. நம் மாத்திரை நாய் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம், டாக்டர் பிறகு சொன்னார். நாய் வளர்க்கிற உன் சிநேகிதிகளுக்கும் சொல்லி வை.

அன்றைக்கே அவனை நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டர் ஒரு பெண், அதிகம் பேசமாட்டார். முதலில் தரையில் விட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து வால் வரை முதுகெலும்பு ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார், நடு முதுகுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் பெஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி மடக்கி வைத்தார். மூன்று கால்களைச் சட்டென்று நிமிர்த்திக்கொண்டான். இடது பின்னங்காலை மட்டும் அப்படியே வைத்திருந்துவிட்டு, யாரோ ஞாபகப்படுத்தியதுபோல மெதுவாகத் திருப்பினான். இவ்வளவுக்கும் நடுவில் உன் அப்பா சும்மா இருப்பாரா, இப்போதெல்லாம் ரொம்ப ஒழுக்கம் டாக்டர், சோபா பக்கமே போவதில்லை, நான் பழக்கிவிட்டேன் என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொன்னதைக் கேட்டு அவன் ஏறாம இல்லைங்க, ஏற முடியல, வலிக்குது" என்றார்.

எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாம். இந்த நீள உடம்புக்காரர்களுக்கு அது சீக்கிரம் தேய்ந்து, வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துமாம். அப்பாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது, தையல் விட்ட இடத்தில் பஞ்சு பிதுங்குகிற கதைதானே என்றார். மருந்தும் கட்டாய ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம், குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, நரம்பு இன்னும் நசுங்கினால் பின்னங்கால் இரண்டும் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். உன் நாயை உனக்கு நடக்கிற நாயாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதுதான் அன்றையிலிருந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஓடிய ஒரே நினைப்பு. அப்பா அன்றைக்கே மரச்சட்டம் அறுத்து, திரும்பிப் படுக்க மட்டும் இடம் இருக்கிற மாதிரி ஒரு அடைப்பு செய்தார். அதோடு விட்டாரா, இருக்கிறதிலேயே உசத்தியான ஃபோமை வெட்டி உள்ளே போட்டார். பெஞ்சு அதில் புதைந்துபோய் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. போட்டோவைப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டு, இவ்வளவு மெத்துமெத்தென்று வேண்டாம், எழுந்திருக்கவே கஷ்டப்படுவான், கெட்டியாகப் போடுங்கள் என்றார். தொழிலில் ஒருவர் குறை சொல்லி உன் அப்பா கேட்டுக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். வழுக்காமல் இருக்க அறை முழுக்க ரப்பர் பாய் விரித்தோம். ஒன்றுக்குப் போக வெளியே கொண்டுபோகும்போது இடுப்புக்கு அடியில் ஒரு துணித்தொட்டில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தியேட்டர் சீட்டுக்கு வந்த சிவப்பு வெல்வெட்டில் வெட்டியதுபோக மிச்சம் கிடந்தது, அதிலேயே தைத்துவிட்டேன். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, ராஜா எங்கே புறப்பட்டுவிட்டார் என்றார். ராஜா விளக்குக் கம்பத்துக்குத்தான் புறப்பட்டிருந்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்தாய். உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம், குணமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீ வழக்கம்போல, என் தங்கக்கட்டி எங்கே என்று பெரிய குரலில் கேட்டாய். அவ்வளவுதான். சாதுவாகப் படுத்திருந்தவன் அடைப்பின் சட்டத்தின் மேல் எகிறி எகிறிக் குதித்தான். கரன்ட் போய்விட்டது என்று சொல்லி நான் போனை வைத்தேனே, அன்றைக்குத்தான். சாயங்காலம் பார்த்தால் இடது பின்னங்கால் தரையோடு இழுபடுகிறது, நகம் உரசுகிற சத்தம் கேட்கிறது. மறுபடியும் டாக்டரிடம் ஓடினோம். அவர் அந்தக் காலின் விரலிடுக்கில் அழுத்திக் கிள்ளினார், பெஞ்சு திரும்பிப் பார்த்து முறைத்தான். அந்த முறைப்பைப் பார்த்து டாக்டர் முகம் தெளிந்தது. உணர்ச்சி இருக்கிறது, அதுவரைக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் கிள்ளுவது தெரியாமல் போனாலோ ஒன்றுக்குப் போக முடியாமல் தவித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார். வெளியே வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் உன் அப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்குதுன்னு அவன் தினம் சொல்லிட்டுத்தான் இருந்தான், நான்தான் பிஸ்கட்டைக் குடுத்து வாயை அடைச்சிட்டேன்" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொண்டே நின்றேன். உனக்கும் அதையேதான் செய்திருப்பேன், ஆனால் நீ தூரத்தில் இருக்கிறாய். அதனால் எழுத்தில் சொல்கிறேன், உன் மேல் ஒரு துளி தப்பும் இல்லை. உன் குரல் அவனுக்கு மருந்துதான், அன்றைக்கு அளவு கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அதிலிருந்துதான் அப்பா தெருமுனைக்குப் போனது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளறையில் இருந்தே பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. உன்னிடம் பேசும்போது மட்டும் அவர் குழைந்து குழைந்து சொல்லும்மா என்பார் பார், அந்தச் சொல்லும்மா காதில் விழுந்தாலே பெஞ்சு காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறான். என்னிடம் அப்படி ஒரு சொல்லும்மா சொன்னதில்லை என்று நானும் சந்தடிசாக்கில் கேட்டு வைத்தேன்.

இனி நல்ல சேதி. எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் துண்டு. முதல் துண்டை வாயில் வாங்கி, அப்பாவின் செருப்பின் மேல் வைத்துவிட்டுப் போனான். இப்போது சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக் கடிக்கிறான். குனிந்து குனிந்து ஆணியடித்து அப்பாவுக்கும் முதுகு போயிருக்கிறதே, டாக்டர் நாய்க்குச் சொன்னதையெல்லாம் நான் இவருக்கும் சேர்த்தே நடத்திக்கொண்டிருக்கிறேன், கேரட் உட்பட. ஒரு மத்தியானம் நான் குஷன் உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன், பெஞ்சு உட்கார்ந்தபடியே இடது பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்தான். இழுபட்ட அதே கால். நான் போட்ட சத்தத்தில் அப்பா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நாய் சொறிவதை இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்த்தோம். அவர் அழுதார், நானும் அழுதேன், அவன் பாட்டுக்கு அடுத்த காதையும் சொறிந்தான். டாக்டரும் பார்த்துவிட்டு, இனி கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு மாட்டுகிற பட்டை போட்டு வாசல் வரை கொஞ்சம் கொஞ்சமாக நடத்துங்கள் என்றார். இடுப்பு லேசாக ஆடுகிறது, பிறத்தியார் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறவன் மாதிரி நடக்கிறான், ஆனால் நடக்கிறான். இன்னொரு கூத்து கேள், சோபாவில் ஏறக்கூடாது என்று வருஷக்கணக்காகக் கத்தின மனுஷன், நம் வீட்டுச் சோபாவுக்கு அவன் ஏறி இறங்கச் சாய்வுப்பலகை செய்து, கம்பளம் ஒட்டி வைத்திருக்கிறார். துரை அதன் மேல் ஏறாமல் அதற்கு அடியில் போய்ப் படுக்கிறார்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. தியேட்டர் சீட் வேலை முக்கால்வாசி முடிந்தது. சித்தி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு தன் வீட்டுச் சுவரிலேயே இடித்தாள், சுவருக்குத்தான் அடி. நீ கம்ப்யூட்டர் முன்னால் கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்கார்வதை வீடியோவில் பார்க்கிறேன், நடுநடுவே எழுந்து நட, வேளாவேளைக்குச் சாப்பிடு. நாலு காலில் நிற்கிறவனுக்குச் சொன்னதையே உனக்கும் என்னைச் சொல்ல வைக்காதே.

லீவு கிடைத்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னாயாம், எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்லபடியாகப் புறப்பட்டு நல்லபடியாக வந்து சேர், எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வரும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாசலில் நின்று கூப்பிடாதே, மணி அடிக்காதே, அப்பா கதவைத் திறந்து வைத்திருப்பார். சத்தம் போடாமல் உள்ளே வந்து, பையை வெளியிலேயே விட்டுவிட்டு, ரப்பர் பாயின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொள். அப்புறம் சின்னக் குரலில் அவன் பெயரைச் சொல். அப்பா அவனைப் பட்டையில் பிடித்துக்கொண்டிருப்பார், குதிக்க விடமாட்டார். அவன் ஆடி ஆடித்தான் வருவான், பார்க்க உனக்கு அழுகை வரும், எழுந்து ஓடிப்போய்த் தூக்கிவிடத் தோன்றும். தூக்காதே. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திரு, அவனே நடந்து வரட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா