கீரியை அறுத்த வாரம்

ஐப்பசி 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கூண்டில் உமி மாற்ற வேண்டும்.

அடைமுட்டைகளைச் செல்போன் டார்ச்சில் பார்த்தேன். ஒன்றிலும் நரம்பு ஓடவில்லை, கரு கூடவில்லை. போன ஈடும் இப்படித்தான். கோழிகளிடம் குறையில்லை. கீரி நிறத்துச் சேவல் கிழடாகிவிட்டது. கிளிமூக்கும் நீள வாலும் இன்னும் அழகுதான். அழகு குஞ்சு பொரிக்காது.

அவரிடம் சொன்னேன். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வாய் குழறும். அதிகாரம் குழறாது.

“கீரி மேல கை வச்ச, இந்த வீட்டுல இருக்கமாட்ட. நான் தூக்கி வளத்தது.”

“முட்டை பொரியலைங்க.”

“வயசானா அறுத்துப்புடுவியோ?”

உமி மாற்றினேன்.

செவ்வாய்

வெயில். கீரியின் மகனைக் கோழிகளோடு விட்டேன். கீரிக்குத் தனிக் கூண்டு, எதிரிலேயே. மகன் கோழி மேல் ஏறி மிதிக்கும்போதெல்லாம் கீரி கம்பியில் போய் மோதிக் கொண்டை கிழிந்து ரத்தம்.

பக்கத்துத் தோட்டத்து மலரக்கா நின்று பார்த்தாள். “கொன்னாலும் கொல்லுத்தா. இப்படிப் பாக்க வைக்காத.”

எனக்கு என் வெள்ளைக்கோழி ஞாபகம். கல்யாணமான வருஷம் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அடையில் உட்கார்ந்திருந்ததைத் இவர் தூக்கி அறுத்தார். குழம்பு வைத்தது நான். அவருடைய கூட்டாளிகளுக்குப் பரிமாறியதும் நான். “உன் கோழி ருசிதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

புதன்

அறுத்தேன். கால்களை மலரக்கா பிடித்துக்கொண்டாள். கெட்டிக் கழுத்து, கத்தி இரண்டாம் தடவைதான் இறங்கியது. மஞ்சள் தடவி வாட்டி, மிளகு தட்டிப் போட்டு ரசம். கறி வேக மதியமாகிவிட்டது.

அவருக்குக் கரண்டியால் ஊட்டினேன்.

“நல்லாருக்கு. எங்கன வாங்குன?”

“நம்ம வீட்டுதுதான்.”

இன்னும் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

வியாழன்

மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை. குடத்தில் தண்ணீர் தூக்கி இடுப்பு வலி.

அவர் காலையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். “கீரி ஏன் கூவலை?”

“நேத்துக் குடிச்சீகள்ல.”

புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலையைச் சாய்த்து வாந்தி எடுக்கப் பார்த்தார். எச்சில்தான் வந்தது. துடைத்துவிட்டேன்.

“உங்க சாவல் ருசிதான்” என்றேன்.

சொன்ன பிறகு சந்தோஷம் வரவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் வந்தது.

வெள்ளி

கம்பத்திலிருந்து கோழி யாவாரி ரஹீம் பாய். மகன் சேவலைப் புரட்டிப் பார்த்தார். அதன் குஞ்சுகளைத் தனக்கே தர வேண்டும் என்றார். உள்ளே போய் இவரிடம் நலம் விசாரித்தார்.

“பாய், இவ கையால எதையும் வாங்கிக் குடிக்காதீக.”

பாய் சிரித்தார். “அண்ணனுக்குக் குசும்பு போகலை.”

நான் கொடுத்த டீயைக் குடித்தார். இவர் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் தண்ணீர்.

சனி

மறுபடி மழை. தவிடு தீர்ந்தது. சோப்பு, மாத்திரை வாங்கணும்.

நேற்று ராத்திரியும் அவர் சாப்பிடவில்லை. இன்று கஞ்சி கொண்டுபோனேன். பல்லை இறுக்கிக்கொண்டார். கெஞ்சவில்லை நான். மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்தது.