வேலியில்லாத கேட்

ஷார்ப்ஸ்பர்க், மேரிலாந்து
அக்டோபர் 1862

அன்பு மகள் கெசையாவுக்கு,

நானும் அப்பாவும் கறவை மாடும் சுகம், கோழிகளைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே அயோவாவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதே என் ஜெபம். நம் சோள வயலில் நடந்த சண்டையைப் பத்திரிகையில் படித்திருப்பாய், பயப்படாதே, வீடு நிற்கிறது, இப்போது அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர், அவ்வளவுதான். சமையலறைக் கதவைக் கழற்றி இரண்டு பீப்பாய்மேல் போட்டு அதில்தான் டாக்டர்கள் அறுத்தார்கள், அதைப் பற்றி எழுதமாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். போதகர் வந்தாலோ சாவு விழுந்தாலோ ஒழிய நான் திறக்காத முன்கூடம் இருக்கிறதே, உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையையே பூட்ஸைக் கழற்றச் சொன்னேனே, அங்கே வடக்குப் படை, தெற்குப் படை என்றில்லாமல் காயம்பட்டவர்கள் வைக்கோலில் வரிசையாகக் கிடந்தார்கள். என் ரொட்டியில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவு ருசி. அவர்கள் பட்டினி கிடந்து வந்தவர்கள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மாத ஆரம்பத்தில் எல்லோரையும் வண்டியில் ஏற்றி மலை தாண்டி ஃபிரெடெரிக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது. ஆஸ்பரி என்று ஒரு ஜார்ஜியாக்காரர், தெற்குப் படை, தொடையில் குண்டு, பட்டாளத்து அடையாளம் என்று நம் சபையில் ஆகாத பெரிய மீசை, ஊரில் இன்னும் முகம் பார்க்காத கைக்குழந்தை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இவரை வண்டில ஏத்தினா மலை ஏறுறதுக்குள்ள உயிர் போயிரும்" என்றார். வண்டியோடு வந்த கேப்டனோ, எதிரிப்படைக் கைதியை விட்டுப்போக வேண்டுமானால், இவன் ஓடமாட்டான் என்று வீட்டுக்காரர் பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும் என்றார். உன் அப்பாவாவது சத்தியம் செய்வதாவது. "எங்க சபையில சத்தியம் பண்றதில்லீங்க, ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை" என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேப்டன், "சரி பெரியவரே, அதையாவது சொல்லுங்க, ஓடிருவானா?" என்றார். ஒரே ஒரு 'இல்லை' போதும் கெசையா, ஒரு மனுஷன் பிழைத்துவிடுவான். உன் அப்பா யோசித்தார், விதைப்பு நாளில் வானத்தைப் பார்ப்பாரே, அப்படி. "கால் சரியானா ஓடலாம். நானா இருந்தா ஓடுவேன், வீட்டுல குழந்தை இருக்குல்ல" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். "ஏன் சலோமி மிதிக்கிறே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

வைக்கோலில் கிடந்த ஆஸ்பரி கண்ணை மூடிக்கொண்டார். "ஓடினா என்ன பண்ணுவீங்க?" என்றார் கேப்டன். "நானே நடந்து வந்து உங்ககிட்ட சொல்லுவேன். துரத்தமாட்டேன், முட்டி வலி" என்றார் உன் அப்பா. வண்டிக்காரன் சிரித்துவிட்டான். கேப்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வழியில எல்லா வீட்டுலயும் ஓடவே மாட்டான்னு அடிச்சுச் சத்தியம் பண்ணினாங்க, போய்ப் பாத்தா கட்டில் காலி. நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அடுத்த பண்ணை விதவை ஹாஸ்டெட்டர் அன்றே மூக்கை நுழைத்தாள், "பட்டாளத்து மீசைக்காரனை வச்சு சாப்பாடு போடுறியே, சபையில என்ன சொல்லுவாங்க?" என்றாள். "டாக்டர் அவரு காலையே வெட்டாம விட்டு வச்சிருக்காரு, நான் மீசையை விட்டு வைக்கக்கூடாதா அக்கா?" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பரி முதல்முறையாக ஊன்றுகோலோடு சாலைவரை போனார். வேலிக் கம்பையெல்லாம் பட்டாளம் எரித்துக் குளிர்காய்ந்துவிட்டது, கேட் மட்டும் தனியாக நிற்கிறது. அதைத் திறந்து வெளியே போய்த் தெற்கே பார்த்து நின்றார். கொட்டகை வாசலில் உன் அப்பாவும் ஜன்னலில் மாவுக் கையோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வேலியே இல்லாத அந்தக் கேட்டைக் கவனமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "பெரியவர் முட்டி வலின்னு சொன்னாரே, கேப்டன்கிட்ட அவ்வளவு தூரம் நடக்கவைக்க மனசு வரலை" என்றார்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். ஆப்பிள் ஜாம் ஒரு ஜாடி அனுப்புகிறேன், அடிப்பிடித்த வாசனை வந்தால் பழியைச் சண்டைமேல் போடு. குட்டிப்பயலுக்குக் கம்பளிக் காலுறை போட மறக்காதே.

உன் அம்மா,
சலோமி