தம் கட்டத் தெரிந்தவனுக்கு

இன்று காலை கம்பெனித் தண்ணீர்த் தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். அந்த வாடை தையல் மிஷின்கள் வரைக்கும் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. செக்கிங் டேபிளில் பனியன்களை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கோயம்புத்தூர் நீச்சல் குளத்தின் வாடை அது. ஞாயிறுதோறும் பெருமாநல்லூரிலிருந்து பஸ் பிடித்து முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி முங்கும் ஸ்கூபாவை நாம் பழகப் போன குளம்.

ஆசைப்பட்டவன் நான். நீ தூத்துக்குடிக்காரன், கட்டிங் மாஸ்டராக இங்கே வருவதற்கு முன் கடலில் சங்கு குளித்தவன். உனக்கு ஒரே நாளில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீருக்குள் போனதும் உன் உடம்பு தானாகத் தம் கட்டிக்கொண்டது. சொல்லித் தந்த பெண் உன்னைவிடப் பதினைந்து வயது இளையவள். "சிலிண்டர் காத்தை இழுத்துட்டு தம் கட்டி மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும்! விட்டுக்கிட்டே வாங்க" என்று கத்தினாள்.

முதல் வாரமே தேறிவிட்ட நான் கரையில் உட்கார்ந்து சிரித்தேன். "ஏப்பா, சங்கு குளிச்சவனுக்கே வரலியா?"

நீ கோபப்படவில்லை. "அது வேற, இது வேறல்லா? மேடம், இன்னொருக்கா சொல்லித் தாங்க" என்று மறுபடி இறங்கினாய். எத்தனையோ ஞாயிறுகள். திரும்பும் பஸ்ஸிலும் வாயைக் குவித்து ஊதிக்கொண்டே வருவாய். உனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று பக்கத்துச் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பயிற்சி முடிந்து நாம் முதன்முதலாக இறங்கிய புதுச்சேரிக் கடலின் ஆழத்தில் என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. அதை வெளியேற்றும் பயிற்சியைக் குளத்தில் ஒரே ஒரு முறை செய்து காட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டவன் நான். கை கால் ஓடவில்லை. தம் கட்டிக்கொண்டு மேலே பாயப் போனேன். நீ என் தோள்வாரைப் பிடித்தாய். முகத்துக்கு நேரே வந்து உன் வாயிலிருந்து போகும் குமிழிகளைச் சுட்டிக்காட்டினாய். நான் மூச்சை விட்ட பிறகுதான் மேலே கூட்டி வந்தாய், மெல்ல மெல்ல.

படகில் ஏறியதும் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். "எனக்கும் பயம்தாம்ல. பழகிட்டேன், அதான்" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. நான் உன் ஊருக்கு வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. குளக்கரையில் சிரித்த அந்தச் சிரிப்புக்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை.

அதன்பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. பையில் நீச்சல் உடை, கண்ணாடி எல்லாம் எடுத்து வைப்பேன், மறுபடி பிரித்து வைப்பேன். இன்று பொறுக்க முடியாமல் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனேன். அதே பெண்.

"உங்க கூட்டாளி வரலையா?"

சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அடுத்த கட்டப் பயிற்சிக்கா வந்தீர்கள் என்று கேட்டாள்.

"இல்லீங்க மேடம். கண்ணாடில தண்ணி ஏறுனா வெளியேத்த எனக்கு இன்னும் வரலீங்க. முதல்ல இருந்து சொல்லிக் குடுங்க."

புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகளோடு விட்டாள். மூன்று முறை பதறி எழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாவது முறை தண்ணீர் வெளியேறியது. போதும் என்று அவள் கைகாட்டினாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் போதவில்லை, மறுபடி இறங்கினேன்.