வியர்வை நாறாது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தேயிலைத் தூள் சலிக்கும் அறையிலிருந்து அக்காவை இன்று வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரோ அக்குள் நாறுது என்று கிண்டலடிக்க, சென்ட் அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அங்கே தலையில் பூ வைக்கக்கூட அனுமதி இல்லை.

"நாளையிலேர்ந்து மலையில கொழுந்து வெட்டப் போ" என்றார் வேலையை மேற்பார்க்கும் கிராணி. அக்காவுக்கு முட்டி வலி. சரிவில் நிற்க முடியாது. அதே தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நானே போய்ப் பேசினேன்.

"வியர்வை தானா நாறாதுங்க. அக்குள்ல இருக்கற பாக்டீரியா அத ஒடச்சுக் கந்தகப் பொருளா மாத்துது. வெங்காயத்துல வர்ற மாதிரி. கிருமியக் கொல்ற சோப்பு போட்டா கொறையும். சென்ட் தேவையில்ல."

"அப்ப ஒங்க அக்கா வெங்காய மூட்டைன்னு சொல்றியாலா?" என்றாள் ஒருத்தி.

சலிக்கும் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்துவிட்டு, சென்ட் இல்லாமல் அவள் திரும்ப வரலாம் என்றார். வேலை பிழைத்தது.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "அத்தன பேர் முன்னாடியுமா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அக்கா மலைக்குப் போக பூட்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.