உங்கள் இடத்தில் நிற்கப் போகிறேன்

என்னங்க,

மருந்து சாப்பிட்டு இப்போதுதான் கண் அசந்தீர்கள், எழுப்பவில்லை. பேக்டரி வேன் வந்துவிடும். இன்று எனக்கு முதல் நாள்.

ரசமும் பயற்றங்காய்ப் பிரட்டலும் மேசைமேல் இருக்கின்றன. நீங்கள் குனியக் கூடாது என்றுதான் ரைஸ் குக்கரையும் மேலே வைத்தேன். எழும்போது பிசியோ சொன்னபடி பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். மதியம் பக்கத்து வீட்டுக் குமுதா அக்கா வந்து பார்ப்பார். சாவி அவரிடம் இருக்கிறது.

ராத்திரி கேட்டீர்களே, "என் எடத்துலயே போய் நிக்கப் போறியா? இந்த வீட்டுல ஒரு முதுகு போனது பத்தலயா?" என்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். கிள்ளானில் நான் வேலை கேட்காத கடை இல்லை. கூப்பிட்டது உங்கள் பேக்டரி மட்டும்தான்.

அட்டைப்பெட்டிகளை இன்னும் தரையில்தான் அடுக்குகிறார்கள். நீங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த உயர மேசை வரவே இல்லை. நேற்று பேர் பதியப் போனபோது நானும் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அதெல்லாம் வராது லா அக்கா. நீங்க குள்ளம்தானே, ரொம்பக் குனிய வேண்டியிருக்காது" என்றான். அவன் பின்னால் பெட்டி தூக்கிய பெண்கள் எல்லார் இடுப்பிலும் முதுகுவலி பெல்ட்.

கோபம் இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

புவனா

எழுத விட்டுப்போனது: முழங்காலை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, நீங்கள் சரியாகத்தான் தூக்கினீர்கள். அப்படியும் முதுகு போய்விட்டது. சாயங்காலம் எனக்கும் அப்படித் தூக்கச் சொல்லிக்கொடுங்கள், என் முதுகு கொஞ்ச நாளாவது கூடுதலாகத் தாங்கட்டும். குனிந்து காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.