ஈப்போவில் அப்பாவுக்கு ஒரு இலை

மே 4, ஞாயிறு
ஒரு றாத்தல் பாண் வாங்கினேன், பாதி ரொட்டியைக் காகத்துக்குப் போட்டேன். ஒருத்திக்கென்று அளவாக வாங்க இன்னும் பழகவில்லை. அப்பா போய் மூன்று மாதம். சாவு வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதது பக்கத்து வீட்டு ரபீகா மட்டும்தான். சொந்தம் என்று யார் இருந்தார்கள்?

அப்பாவின் அப்பா சன்னாசி, கலகெதரத் தோட்டத்தில் மூன்று வயது மகனையும் பெண்சாதியையும் விட்டுவிட்டு சிலோனிலிருந்து மலாயாவுக்குப் போனாராம். அவருக்கு ஆடி அமாவாசைப் படையல் போட அப்பா கடைசிவரை சம்மதிக்கவில்லை. "செத்தாருன்னு எவன் சொன்னான்? உசுரோட இருக்கிறவருக்குப் படைச்சா பாவம்." எண்பது வயதிலும் அதே பிடிவாதம்!

அங்கே அவருக்குப் பிள்ளைகுட்டி இருந்தால், எனக்குச் சொந்தம்தானே?

மே 12, வெசாக்
மலேசியத் தமிழர்களின் பேஸ்புக் குழுவில் தாத்தாவைப் பற்றி எழுதிப் போட்டேன். புத்தர் பண்டிகைக்குத் தெருவில் கட்டிய வெளிச்சக்கூடு விளக்குகளைப் பார்க்க ரபீகா கூப்பிட்டாள். போகவில்லை.

மே 19
நாலைந்து சன்னாசிகள் வந்தார்கள், நம்மவர் இல்லை. ஒருவன் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறான். நாசமாய்ப் போக.

ஜூன் 8
ஈப்போவிலிருந்து குமரேசன் என்பவர் கேட்டார்: "உங்க குலசாமி எதுங்க?" ஒற்றைப்பனை முனி, கிடா கிடையாது, சேவல் மட்டும் என்றேன். "எங்கம்மா வீட்டுக்கும் அதேதாங்க. சிலோன்லேருந்து வந்த எங்க தாத்தா பேரும் சன்னாசிதான்" என்றார்.

அத்தை மகன்!

ஜூன் 9
தாத்தா 1988இல் அங்கே இறந்திருக்கிறார் என்கிறார் குமரேசன். "சிலோன்ல மொத சம்சாரமும் மகனும் காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொன்னாரு. அந்தப் பெரிய மாமாவுக்கு எங்கம்மா வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு இலை போடுறாங்க."

மனுசனா அந்த ஆள்? பெத்த பிள்ளைய உசுரோட கொன்னுட்டு — இவரு செத்தாருன்னு சொல்லக்கூட அப்பாவுக்கு மனசு வரலையே. யார்கிட்ட போய்ச் சொல்ல?

ஜூன் 20
அத்தை கலாராணி என்னுடன் பேச மாட்டாராம். "தாத்தா பொய் சொல்ல மாட்டாருன்னு அழுறாங்க" என்கிறார் குமரேசன். போகட்டும், எனக்கு யாரும் வேண்டாம். இதை எழுதும்போதே இரண்டு தடவை போனைப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 24, ஆடி அமாவாசை
அப்பாவுக்கு இலை போட்டுச் சோறு வைத்த நேரம், வீடியோவில் அழைப்பு. வெள்ளைத் தலையுடன் ஒரு பெண். கலாராணி அத்தை. அவர் முன்னாலும் ஒரு இலை.

"படைக்கிறதுக்கு முன்ன கேக்கணும்னு தோணுச்சு. எங்கண்ணன் எப்போ தவறினாரு?"

"தையில, அத்தை. வளர்பிறை ஏகாதசி."

"படுக்கையில கிடந்தாரா? யாரு பார்த்துக்கிட்டா?"

"நான்தான்."

"நீ மட்டுமாம்மா?"

தலையை ஆட்டினேன். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அண்ணே, ஒங்க முகத்தைப் பாக்காமப் போனேனே" என்று ஒப்பாரி வைத்தார். நானும் வாய்விட்டு அழுதேன். இரண்டு வீட்டிலும் சோறு ஆறிப்போனது.