போணித் தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரகடம் கியர் தொழிற்சாலையில் கங்கையின் போக்கையே மாற்றினேன். பகீரதன் செய்தது வெறும் குழாய் வேலை.

இதுவரை, எந்த கியர் எந்த உலையில் வெந்தது, எந்த லாரியில் ஏறியது என்ற உறவுகளைக் கணினியில் வலைப்பின்னலாகச் சேர்த்து, ‘சரியாக வேகாதது எது?’ என்று மறுநாள்தான் கேள்வி கேட்போம். அதற்குள் லாரி போயிருக்கும். இனி கேள்வி நிற்கும், தரவு அதன் முன்னால் ஓடும். அதற்காக வினவல் மொழியில் நான் சேர்த்த விதி: ‘கடந்த அரைமணிக்குள்’. அதற்குமேல் பழையதை மறந்துவிடும்.

லாரியை அனுப்பும் கையெழுத்து சுப்ரஜாவுடையது. அக்கா பெண், தரச்சோதனையில் இருக்கிறாள். “மாமா, இத நம்பிக் கையெழுத்துப் போடலாமா?”

“யமனே இதைக் கேட்டுவிட்டுத்தான் உயிரெடுப்பான்” என்றேன்.

மார்ச் 5

வேகாத கியர் ஒன்றும் மாட்டவில்லை. மூவுலகும் சுத்தம்.

மார்ச் 9

நேற்று உலையில் சூடு குறைந்திருக்கிறது. என் கேள்வி வாயே திறக்கவில்லை. சுப்ரஜா சும்மா ஒரு கியரை எடுத்துச் சோதித்திருக்கிறாள் — வேகாத கியர். லாரியை நிறுத்திவிட்டாள். எடுக்காமல் விட்டிருந்தால்?

“உங்க யமன் நேத்திக்கு லீவா மாமா?”

லைன் சூப்பர்வைசர் எல்லப்பனைக் கேட்டேன். “ஜீரோல ஆரம்பிச்சா ஷிப்டு வெளங்காது சார். கடைசி கியர் தட்ட ஸ்கேன் பண்ணாம வச்சுட்டுப் போவோம், வர்றவன் அத போணி பண்ணுவான். லைன் போட்ட நாள்லேர்ந்து இப்டித்தான் கீது.”

உலையின் சேதி முதலில் வந்தது. தட்டின் சேதி அடுத்த ஷிப்டில். நடுவில் அரைமணி தாண்டியதும் என் மொழி உலையை மறந்துவிட்டது.

மார்ச் 10

போணியை நிறுத்தச் சொல்லலாம். எல்லப்பனுக்கு மெமோ போகும். அவர்கள் வேறு தட்டை ஒளிப்பார்கள். நாள் முழுக்க நினைவில் வைக்கலாமா? சர்வர் தாங்காது.

தப்பு யாருடையது? சேதி எப்போது வந்தது என்று கேட்டேன். எப்போது நடந்தது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? உலைதான் ஒவ்வொரு தட்டிலும் நேரத்தை அச்சடித்துத் தள்ளுகிறதே — இத்தனை நாள் என் கண் எங்கே போச்சு?

மார்ச் 12

புது விதி: நேரம், உலை அச்சடித்தது. மறப்பது, போணித் தட்டு வந்த பிறகு. அது வந்தால் பழைய ஷிப்டின் கணக்கு முடிந்தது என்று பொருள். எல்லப்பனிடம் சொன்னேன். “அப்போ போணி நிக்காதுல்ல சார்?” அது ஒன்றுதான் அவன் கவலை.

மார்ச் 18

மறுபடி சூடு குறைந்தது. லாரி கேட்டில் காத்திருந்தது. போணித் தட்டு ஸ்கேன் ஆனதும் கேள்வி வாய் திறந்து, அந்தத் தட்டையே காட்டியது. அதை இறக்கினார்கள்.

சுப்ரஜா கையெழுத்துப் போடுமுன் மிச்சத்திலிருந்து ஒரு கியரை எடுத்துச் சோதித்தாள். யமன் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.